யாருடைய நுரை

எங்கள் தோட்டத்தில் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களை யாரும் நல்ல மனதோடு பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் கீழ் டிவிசனில் மண் சரிந்தது. பிறகு பிளாஸ்டிக் தொப்பி போட்ட சிலர் வந்து தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். மண்ணைக் குழாய்களில் அடைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அந்த வரிசை ஆட்களை வீட்டைக் காலி செய்து எழும்பச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் முதலில் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள், அப்புறம் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். புது வீடு வருகிறது என்றார்கள். இன்றைக்கும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே நான் ஒரு சிறு கரண்டியும் சில பைகளுமாக ஸ்டோருக்குப் பின்னால், பழைய ஜெனரேட்டர் கொட்டிலடியில் குந்தியிருந்தேன் என்ற செய்தி, நான் வீடு வந்து சேருமுன்பே லயத்துக்கு வந்துவிட்டது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. லிந்துலைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்து முடித்து, மேல் ஆராய்ச்சிக்காகத் தோட்ட முகாமையாளரான பெரிய தொரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என் சொந்தத் தோட்டத்துக்கே மண்ணெடுக்க வந்திருந்தேன்.

அம்மா கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மண்ணெடுத்தியாமே. யாரையும் எழுப்பப் போறாங்களா?"

இல்லை என்றேன். அந்தக் கொட்டிலடியில் பல வருடமாக எஞ்சின் எண்ணெய் சிந்தி மண் கறுத்துப்போயிருக்கிறது, அப்படிப்பட்ட மண்ணிலும் உயிரோடிருக்கிற பாக்டீரியாக்கள் உண்டு, அவற்றில் சில சவுக்காரம் மாதிரி ஒன்றைத் தாமே உண்டாக்கித் தம்மைச் சுற்றி விடும், எண்ணெயும் தண்ணீரும் அப்போதுதான் ஒன்றோடொன்று கலக்கும், எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக உடைந்தால்தான் அவற்றால் அதைத் தின்ன முடியும் என்றெல்லாம் விளக்கினேன். அம்மா அடுப்பை ஊதியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி சவுக்காரம் செய்யுதாக்கும்" என்றார். "இதப் போயி வெளிய சொல்லிராத."

அம்மா நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அம்மா நம்பாதது பாக்டீரியாவையா, என்னையா என்பது தெரியவில்லை.

சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஆய்வுகூடத்தில் அதுதான் முதல் வேலை. என்னை வழிநடத்திய மேடம் கண்டிப்பானவர். கண்ணாடிக் குடுவைகளில் எல்லோரும் சவர்க்காரத் திரவம் போட்டுத்தான் கழுவுகிறோம். அதில் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் குடுவை நுரைக்கும், நாம் பாக்டீரியா நுரைத்தது என்று துள்ளிக் குதிப்போம். ஆகவே நுரையைக் கண்டால் முதலில் குடுவையைச் சந்தேகப்படு, பிறகு கழுவினவரைச் சந்தேகப்படு, கடைசியாக உன்னையே சந்தேகப்படு என்பார் மேடம்.

கொட்டிலடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் ஒன்று அப்படித்தான் எங்கள் எல்லோரையும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வைத்தது. சோதனை எளிதானது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் எண்ணெயை மெல்லிய படலமாகப் பரப்பி, நடுவில் பாக்டீரியா வளர்ந்த திரவத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். அதில் சவுக்காரத்தன்மை இருந்தால் எண்ணெய் விலகி நடுவில் ஒரு வட்டம் திறக்கும். மற்றவை எல்லாம் பொட்டு அளவுக்குத் திறந்தபோது, இது தட்டின் விளிம்புவரை எண்ணெயைத் துரத்தியது. மேடம் சந்தோஷப்படவில்லை. குடுவைகளைத் தானே கொதிநீரில் அலசி, பூட்டுப் போட்ட அறையில் மறுபடி செய்யச் சொன்னார். என்னோடு வேலை செய்த மாணவர் ஒருவர், நான் எதையோ கலந்துவிட்டதாக மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். நான் அவர் என் குடுவையைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து மூடிகளில் அடையாளம் வைத்தேன். மறுபடியும் அதே வட்டம் திறந்தது. அதற்கு மறுமுறையும் திறந்தது. கடைசியில்தான் மேடம், "சரி, இது உண்மை" என்றார். அந்த மாணவரும் நானும் அதற்குப் பிறகும் பழையபடி பேசிக்கொள்ளவில்லை.

அது வைக்கோலிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்கிற, ஆபத்தில்லாத இனம் என்பதை உறுதி செய்துகொண்டோம். விலை கூடிய இயந்திரம் இல்லாமல் அதைத் தோட்டத்திலேயே வளர்க்க முடியுமா, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம் ஒன்றை லயத்துப் பெண்களே தயாரித்து விற்க முடியுமா என்று பார்க்க மேடத்துக்கு ஆசை. எங்கள் தோட்டத்தில் புதிய பிள்ளைக் காம்பரா கட்டியிருந்ததால், கொழுந்துக்குப் போகிற தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. பெரிய தொரை அதன் சாவியைக் கொடுக்கச் சொன்னார். சுவரில் யானையும் பலூனும் வரைந்திருந்த அந்த அறையில் நீல நிறப் பீப்பாய் ஒன்றை வைத்தேன். சீனி ஆலையில் மிஞ்சுகிற கறுத்த பாகைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் பாக்டீரியாவை விட்டு, மீன்தொட்டிக்குக் காற்றடிக்கிற சிறிய பம்ப்புகளைப் பொருத்தினேன். அடுத்த நாளே பீப்பாய் பொங்கியது. மேலே பொருத்திய குழாய் வழியாக நுரை பக்கத்து வாளியில் வந்து விழுந்தது. அந்த நுரையில்தான் எங்களுக்கு வேண்டிய பொருள் அதிகம் இருக்கும். வாளி நிறையும்போது எனக்குப் பால் பொங்கின மாதிரி இருந்தது.

லயத்துக்கு அது வேறு மாதிரி இருந்தது. கறுத்த பாகு, நீலப் பீப்பாய், குழாய், வாளி, பூட்டிய கதவு, புளித்த வாடை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பொருள்தான் ஞாபகம் வரும். ஒரு வாரத்துக்குள் பொலிஸார் வந்துவிட்டார்கள். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்த சிங்களக் கான்ஸ்டபிள் தம்பி வயதுடையவர். வாளிக்குள் குனிந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, இதைக் குடிக்கிறார்களா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். குடிப்பதற்கு இல்லை, கழுவுவதற்கு என்றேன். அவர் நம்பாமல் தன் கையிலிருந்த சைக்கிள் சங்கிலிக் கறையில் கொஞ்சம் தடவிப் பார்த்தார். கறை போனது. அப்போதும் அவர் முகத்திலிருந்த சந்தேகம் போகவில்லை. கசிப்புக் கறை எடுக்குமா எடுக்காதா என்று அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. பெரிய தொரைக்குத் தொலைபேசியில் பேசிய பிறகுதான் கிளம்பினார்.

யார் பொலிஸில் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஆனால் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் அன்று உற்றுப் பார்த்தேன்.

லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவரை நான் சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்று கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் இல்லை, ஆனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர்த் திருவிழா காட்டியவர். புல்லுக்கு மருந்தடிக்கிற குழுவில் வேலை. அவர் மனைவியை அண்ணி என்பேன். பூண்டுலோயாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவர். ஒரு காலையில் அண்ணிதான் எங்கள் வாசலில் வந்து நின்று, வெளியே வா என்று என்னைக் கூப்பிட்டு ஆற்றுக்கு அழைத்துப் போனார்.

பீலிக்குத் தண்ணீர் வருகிற ஆற்றில், பாலத்துக்குக் கீழே குட்டை மாதிரி தேங்கும் இடத்தில் வெள்ளை நுரை கட்டியிருந்தது. கை வைத்தால் ஒட்டியது. சவுக்காரம் போட்டுத் துணி துவைப்பவர்கள் எல்லோரும் அதற்கும் கீழேதான் துவைப்பார்கள். மேலே துவைப்பவர் யாரும் இல்லை. அண்ணி கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்குகள் சிவந்து தோல் உரிந்திருந்தது. இரண்டு வீடு தள்ளி இன்னொரு பெண்ணுக்கும் அப்படி என்றார்.

"ஒன்னோட அந்தப் பீப்பா வந்து எத்தன நாளாச்சு, இது வந்து எத்தன நாளாச்சுன்னு நீயே சொல்லு."

பீப்பாய் வந்த பிறகுதான் நுரை வந்தது என்பது உண்மை. பிள்ளைக் காம்பராவின் கழிவுநீர்க் கான் எங்கே போய்ச் சேருகிறது என்று நான் பார்த்ததில்லை. அங்கிருந்து ஓடி வந்து பீப்பாயைச் சுற்றிக் குனிந்து தேடினேன். தரை காய்ந்திருந்தது. வாளி மூடியிருந்தது. கழிவு என்று எதையும் நான் அங்கே ஊற்றியதில்லை, எல்லாவற்றையும் கேன்களில் அடைத்து ஆய்வுகூடத்துக்குத்தான் கொண்டுபோவேன். அப்படியிருந்தும் மனது கேட்கவில்லை. கானைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். அது லயத்தைச் சுற்றிக்கொண்டு, பாலத்துக்கு வெகு கீழேதான் ஆற்றில் விழுந்தது. நுரை இருந்ததோ பாலத்தடியில். தண்ணீர் மேல்நோக்கி ஓடினால்தான் என் பீப்பாய் அங்கே போக முடியும்.

இதை அண்ணியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்ணுக்குள் ஊறிப் போயிருக்கும் என்றார் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்று நானே சொன்னேனே, அது எந்தப் பக்கமும் போகாதா என்று கேட்டார் இன்னொருவர். அம்மாதான் அதை வெளியே சொல்லாதே என்று சொல்லியிருந்தார். எப்படியோ அது வெளியே போயிருந்தது.

அன்று சாயந்திரம் அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"நீ செஞ்சியா, இல்லையா?"

"இல்லம்மா."

"சரி" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நான் வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருந்த மாதிரிப் போத்தல் அடுப்படியிலிருந்து காணாமல் போயிருந்தது. பிறகு பார்த்தபோது, பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார்.

என் திரவத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு வழி எனக்குத் தெரியும். அதில் அமிலம் விட்டால் பால் மாதிரி வெளுத்து, வெள்ளை மண்டியாகக் கீழே இறங்கும். கடையில் விற்கிற துணித் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் அப்படிக் கலங்காது. ஆய்வுகூடத்திலிருந்து சிறு போத்தலில் அமிலம் கொண்டு வந்தேன். ஆற்று நுரையை நான் அள்ளினால் நம்பமாட்டார்கள் என்பதால் அண்ணியையே அள்ளி வரச் சொன்னேன். வாளி நிறைய நுரை கொண்டு வந்து, அது அடங்கித் தண்ணீராகும்வரை பக்கத்திலேயே காவலிருந்தார். லயத்து வாசலில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ், ஒன்றில் என் திரவம், ஒன்றில் ஆற்று நுரைத் தண்ணீர். அண்ணிக்குக் கையுறை மாட்டிவிட்டேன். அவரே சொட்டு சொட்டாக அமிலத்தை விட்டார்.

என்னுடையது வெளுத்தது. ஆற்றுத் தண்ணீர் அப்படியே இருந்தது.

கூடியிருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அண்ணி அசையவில்லை. உள்ளே போய், துணி துவைக்கிற கட்டிச் சவுக்காரத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொண்டு வந்தார். அதிலும் அமிலத்தை விட்டார். அதுவும் வெளுத்தது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். கட்டிச் சவுக்காரமும் அமிலத்தில் கலங்கும். அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அப்ப ஒன்னோடதும் கட்டிச் சவுக்காரமும் ஒன்னு" என்றார் அண்ணி. "பூச்சியுமில்ல ஒன்னுமில்ல. சவுக்காரத்தக் கரைச்சு வச்சுக்கிட்டு எங்கள ஏமாத்துற. ஆத்துல வேற என்னத்தயோ ஊத்துற."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் மேடத்தின் குரல் கேட்டது. அண்ணி கேட்டது மேடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. ஒரு சோதனை எதைப் பிரித்துக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று அவர் பார்த்திருந்தார். முடிவுதான் தப்பு. அதை விளக்க ஆரம்பித்தபோது கேட்க யாரும் நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் அண்ணனும் இருந்தார். கதவு நிலையில் சாய்ந்து கொண்டு கிளாஸ்களைப் பார்த்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபோது அவர் மட்டும் அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அதிலிருந்துதான் எனக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது.

மறுநாள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். பாலத்துக்கு மேலே ஒரு வளைவு வரை தண்ணீர் சுத்தமாக ஓடுகிற மாதிரி இருந்தது. வளைவு தாண்டியதும் பாறைகளில் வெள்ளை வளையங்கள் காய்ந்திருந்தன. கரையோரத்துப் பன்னச் செடிகள் ஒரு பக்கம் மட்டும், யாரோ கோடு போட்ட மாதிரி, வெயிலில் வைத்த புகையிலை நிறத்தில் கருகிக் கிடந்தன. மறு கரை பச்சையாக இருந்தது. பாறை இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் கேனின் மூடி. தேயிலைக்குள் போகிற அடிப்பாதை ஒன்று சேற்றில் மிதிபட்டுப் புதிதாக இருந்தது. மருந்தடிப்பவர்கள் போகிற பாதை. நான் அந்த மூடியை ஒரு குச்சியால் எடுத்து மண்ணெடுக்கிற பையில் போட்டுக்கொண்டேன். கரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் குலுக்கினேன். போத்தல் கழுத்துவரை நுரைத்தது.

புல்லு மருந்து இலையில் ஒட்டிப் பரவ வேண்டும் என்பதற்காக ஒரு திரவத்தைக் கலப்பார்கள். அதுவும் சவுக்காரத்தன்மை உள்ளதுதான். தொழிற்சாலையில் செய்தது. நுரை அதனுடையது என்றால், அதோடு சேர்ந்து மருந்தும் பீலிக்கு வருகிறது. அன்றைக்கு வீட்டில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்டோர்ப் பக்கத்துக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் அம்மாவும் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போனார்.

வேலை விட்டு எல்லோரும் வருகிற நேரம் அண்ணன் பாலத்தடியில் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார் என்பது அவர் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது.

"மேல போனியாமே" என்றார்.

"போனேன்."

"என்னத்தப் பாத்த?"

"அத நீங்களே சொல்லுங்கண்ணே."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மருந்து கலக்குகிற இடத்திலிருந்த தண்ணீர்த் தொட்டி வெடித்துவிட்டது. சொல்லியும் யாரும் கட்டவில்லை. புதிதாக ஒரு ஒட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் ஊற்றினாலே பொங்குகிறது. மருந்தடிக்கிற டாங்கியைக் கழுவாமல் வைத்தால் அடுத்த நாள் குழாய் அடைத்துக்கொள்ளும், வேலை பிந்தும், முழு நாள் சம்பளத்துக்கு முழுப் பேர் போட மாட்டார்கள். அதனால் ஆற்றில் கழுவுகிறார்கள். ஆற்றில் கழுவச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கழுவ வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "அவ கையப் பாத்தேல்ல. நாந்தான்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுக்கு என்னையக் காட்டிக் குடுத்தீங்களா?"

"நான் ஒன்னும் சொல்லல. அவங்களா ஒன்னையச் சொன்னாங்க. நான் பேசாம இருந்தேன்." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ படிச்ச புள்ள. ஒன்னைய என்ன செஞ்சுருவாங்க? எனக்கு வேல போயிரும்."

தேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனவரிடம் அன்று நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டேன். பாதி தூரம் வந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் குட்டையிலிருந்த நுரையைக் காலால் தள்ளித் தள்ளிக் கீழே அனுப்பிக் கொண்டிருந்தார்.

அவர் பேரைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு சின்ன தொரையைப் பார்க்கப் போனேன். தோட்டத்து உதவி முகாமையாளர் அவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் உட்கார்ந்ததும் என் கைத்தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பதிவு செய்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அவரே அதை எடுத்து அணைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

கருகிய பன்னங்களையும், கேன் மூடியையும், குலுக்கிய போத்தலையும் பற்றிச் சொன்னேன். மருந்து கலக்குகிற தொட்டி உடைந்திருக்கிறதா என்று கேட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நடந்து போய்ப் பார்த்தேன் என்றேன். தொழிற்சங்கத்தில் யாராவது அனுப்பினார்களா என்று கேட்டார். பல்கலைக்கழகம் எதற்காக நீரைப் பார்க்கிறது, மண்ணுக்குத்தானே அனுமதி கொடுத்தோம் என்றார். ஒவ்வொரு கேள்வியும் மரியாதையாக இருந்தது. எதற்கும் அவர் என் பதிலை நம்பியதாகத் தெரியவில்லை. நானும் அவர் "பாக்கிறேன்" என்றதை நம்பவில்லை.

ஆனால் பார்த்தார். அதே வாரத்தில் புதிய தொட்டி வந்தது. மருந்து கலக்குகிற இடத்தை ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டுக்கு மறுபக்கம் மாற்றினார்கள். டாங்கி கழுவுகிற தண்ணீருக்குக் குழி வெட்டினார்கள். அதே வாரத்தில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் எங்கள் வாசலுக்கு வந்து, பழைய பிள்ளைக் காம்பராவை வேறு வேலைக்கு எடுக்கப்போகிறார்கள், சனிக்கிழமைக்குள் சாவியைக் கொடுத்துவிடம்மா என்றார். என்ன வேலைக்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

பீப்பாயை வான் வண்டியில் ஏற்றிய அன்று பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். சில நாளில் நல்ல மழை பெய்தது. பாலத்தடியில் நுரை இல்லாமல் போனது. அண்ணியின் கையும் ஆறத் தொடங்கியது.

ஆய்வுகூடத்தில் நான் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் எது நடந்தது என்று ஒருபோதும் சொல்ல முடியாது. தோட்டத்தில் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். லயத்துக்குக் கண்முன்னே போனது என் பீப்பாய். மேட்டுக்கு மறுபக்கம் தொட்டி வந்தது யாருக்குத் தெரியும்? பீப்பாய் போனது, நுரை போனது. பேசி முடித்துவிட்டார்கள். சின்ன தொரை அதை வேண்டுமென்றே செய்தாரா, அல்லது தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன்.

"அவங்க என்ன வெவரம் இல்லாதவங்களா?" என்றார் அம்மா.

அந்த முறை நான் கிளம்பும்போது அண்ணி பீலியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாருக்கு என்று கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். பேச்சு அவ்வளவுதான்.

பீப்பாய் இப்போது ஹட்டனில், ஒரு காலத்தில் தட்டச்சுப் பள்ளி நடந்த கட்டடத்தின் பின்னறையில் இருக்கிறது. டவுனில் வேலைக்கு வருகிற மூன்று பெண்கள் என்னோடு சேர்ந்து செய்கிறார்கள். நுரையை வடித்து, அளந்து, போத்தலில் அடைக்கிறோம். சாப்பாட்டுக் கடைகளுக்கு எண்ணெய்ச் சட்டி கழுவக் கொடுத்துப் பார்க்கிறோம். வாங்கிய கடைக்காரர்களில் ஒருவர் மறுமுறையும் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் இன்னும் பழைய திரவத்தையே வாங்குகிறார்கள். இது வாடை அடிக்கிறது, நுரை போதாது என்கிறார்கள். நுரை குறைவாக இருப்பது குறையல்ல என்று நாங்கள் சொல்வதை அவர்கள் ஒரு வியாபாரப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம், அறிவிப்பு எதுவும் இல்லாமல் அண்ணன் அங்கே வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார். அந்த ஒட்டு மருந்துக்குப் பதிலாக இதை டாங்கியில் ஊற்ற முடியுமா என்று கேட்டார். அவருடைய கையும் இப்போது அரிக்கிறதாம். யாராவது அனுப்பிக் கேட்கச் சொன்னார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் வெடித்திருந்தது.

இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, மருந்தோடு இது எப்படிச் சேரும் என்று தெரியாமல் கொடுக்க முடியாது என்றேன். மருந்தும் கையை அரிக்கும், ஒட்டு மருந்தை மாற்றினால் மட்டும் போதாது, கையுறை போடாமல் தொடவே கூடாது என்றேன். தோட்டத்தில் கையுறை கொடுத்தார்கள், கிழிந்துவிட்டது, மறுபடி கேட்டிருக்கிறோம் என்றார். எங்களிடம் இருந்த தடித்த கையுறையில் ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். விரல்களை உள்ளே விட்டுப் பார்த்து, கழற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஒங்க அண்ணிகிட்டச் சொல்லிட்டேன். நாங்கதான் ஆத்துல கழுவுனோம், நீ ஒன்னும் செய்யலன்னு சொல்லிட்டேன்."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நம்பல" என்றார். "நீ சொல்லிக்குடுத்துத்தான் நான் பேசுறேன்கிறா. சின்னப்புள்ளையிலேருந்து ஒன்னையத் தூக்கி வளத்தேன்னு, ஒனக்காகப் பொய் சொல்றேனாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அண்ணி சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாத ஒன்றை, நுரை வற்றிப்போன பிறகு சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைத்து முன்னால் வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். கடையில் வாங்கியதுதான் என்றேன். தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே எழுந்து, குடையை மடக்கிக்கொண்டு போனார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது.